குருதியின் சாட்சியம்

குருதி என்ற சொல் நம் சமுதாயத்தில் நெடுங்காலமாகப் பிறப்பையும் குலத்தையும் குறிக்கவே வழங்கிவந்திருக்கிறது. 'இரத்த உறவு' என்கிறோம். 'நல்ல இரத்தம்' என்று பெருமை பேசுவோரும் உளர். கிணற்றில் நீர் அள்ளவும், கோயில் வாசலைக் கடக்கவும், பாடசாலை வாங்கில் ஒன்றில் அமரவும் ஒருவனுக்கு உரிமை உண்டா இல்லையா என்பதை அவன் உடலில் ஓடும் குருதியே தீர்மானிப்பதாக நம் முன்னோருட் பலர் நம்பினர். 1901 ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்ரைனர் குருதி வகைகளைப் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டபொழுது இந்த நம்பிக்கையின் அடித்தளமே ஆட்டங்கண்டது. ஒருவனுடைய உயிரைக் காக்க அவன் உடன்பிறந்தானின் குருதி உதவாதொழியலாம். அவன் தீண்ட மறுத்த கூலியாளின் குருதி உதவலாம். குருதிக்கு வகை உண்டு, சாதி இல்லை என்ற இவ்வுண்மையை நாம் வகுப்பறையிற் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம்.

இன்று குருதியிடம் வேறொரு வினா தொடுக்கப்படுகிறது. 'இந்த மருந்து இந்த மனிதருக்குப் பயன் தருமா? அன்றி, அவர் உடலையே தாக்கித் தீங்கு விளைக்குமா?' என்பதே அவ்வினா. மெலனோமா எனப்படும் தோற் புற்றுநோய்க்கு வழங்கப்படும் நிர்ப்பீடன மருந்துகள் தொடர்பாக உலகின் பல ஆய்வுகூடங்களில் இவ்வினாவுக்கு விடை தேடப்படுகிறது. இது ஆய்வுகூடத்தோடு நின்றுவிடும் விடயமன்று. குருதியைப் பார்த்து மனிதரை மீண்டும் இரு கூறாகப் பிரிக்கும் ஒரு முறை உருவாகிவருகின்றது. அந்தப் பிரிவு யாருக்குத் துணையாகும், யாருக்குத் தடையாகும் என்பதை விஞ்ஞானம் கற்பிப்போரும் கற்போரும் சிந்தித்தேயாகவேண்டும்.

மெலனோமா என்பது தோலுக்கு நிறமூட்டும் மெலனின் என்னும் பொருளை ஆக்கும் கலங்களிலே தோன்றும் புற்றாகும். வெண்ணிறத் தோலுடைய மக்களிடையே இது மிகுதி. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இந்நோய் உலகில் மிக அதிகமாகக் காணப்படும் நாடுகள். நம்மைப் போன்ற கருந்தோலினரிடம் இது அரிது. தோன்றுங்கால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ, உள்ளங்கையிலோ, நகத்தின் அடியிலோ தோன்றுகிறது. ஜமேக்காவின் புகழ்பெற்ற பாடகர் பொப் மார்லி 1981 ஆம் ஆண்டில் தமது 36 ஆவது வயதில் மறைந்தது கால்விரலில் தோன்றிய இத்தகைய புற்றினாலேயே. தொடக்கத்திற் கண்டு வெட்டியகற்றினால் நோய் தீர்ந்துவிடும். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ மூளைக்கோ பரவிவிட்டால், 2010 ஆம் ஆண்டு வரை மருத்துவத்தால் ஆகக்கூடியது மிகச் சிறிது. பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர்.

உடலின் சொந்தப் பாதுகாப்புப் படையையே புற்றுக்கு எதிராக ஏவலாம் என்ற எண்ணம் புதியதன்று. நியூ யோர்க் நகரின் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கடுமையான தோல் தொற்று ஒன்றுக்கு ஆளான நோயாளி ஒருவரின் கட்டி தானாகவே மறைந்துபோன செய்தியை அறிந்து, 1891 ஆம் ஆண்டில் புற்றுநோயாளரின் கட்டியினுள்ளே பற்றீரியாக்களைச் செலுத்திப் பார்த்தார். சிலர் குணமடைந்தனர், பலர் குணமடையவில்லை. எவர் குணமடைவர் என்பதை முன்கூட்டிச் சொல்ல அவராலும் இயலவில்லை. ஏன் குணமடைந்தனர் என்பதை விளக்கவும் இயலவில்லை. கதிர்மருத்துவம் வந்ததும் அவர் முறை கைவிடப்பட்டது.

விளக்கம் கிடைக்க ஒரு நூற்றாண்டு கழியவேண்டியிருந்தது. நம் குருதியில் உலாவும் ரீ நிணநீர்க்கலங்கள் நோய்க்கிருமி புகுந்த கலங்களையும் புற்றுக் கலங்களையும் இனங்கண்டு அழிக்க வல்லவை. ஆயினும் அவை கட்டுமீறித் தன்னுடலையே அழித்துவிடாதபடி அவற்றுக்குத் தடுப்புக் கருவிகளும் உள்ளன. சீ.ரீ.எல்.ஏ.-4 என்னும் புரதம் அத்தகைய ஒரு தடுப்பு, பி.டி.-1 என்பது மற்றொன்று. முன்னையது 1987 இல் பிரான்சிலே கண்டறியப்பட்டது. பின்னையதை 1992 இல் யப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹொஞ்ஜோவின் குழுவினர் கண்டறிந்தனர். முதலாவது தடுப்பைப் பிறபொருளெதிரி ஒன்றினால் மறைத்துவிட்டால் எலிகளின் கட்டிகள் கரைகின்றன என்பதைக் கலிபோர்ணியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ஜேம்ஸ் அலிசனும் அவர் துணைவரும் 1996 இல் வெளியிட்டனர். 2018 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அலிசனும் ஹொஞ்ஜோவும் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சீ.ரீ.எல்.ஏ.-4 முற்றாக இல்லாதபடி உருவாக்கப்பட்ட எலிகள் பிறந்து சில வாரங்களுக்குள் இறந்துபோயின என்று 1995 இல் அறிவிக்கப்பட்டது. அவற்றின் உறுப்புக்களுள் நிணநீர்க்கலங்கள் பெருகி மண்டிக்கிடந்தன. பி.டி.-1 இல்லாத எலிகளுள் ஒரு சாராரின் இதயம் வீங்கிச் செயலிழந்தது என்று 2001 இல் கியோட்டோவிலிருந்தே செய்தி வந்தது. மருந்தின் நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதை மனிதருக்கு மருந்து வருமுன்பே எலிகள் கூறிவிட்டன. தடுப்பை அகற்றினால் கலம் புற்றையும் தாக்கும். தைரொயிட் சுரப்பியையும் தாக்கலாம், பெருங்குடலையும் தாக்கலாம், இதயத்தையும் தாக்கலாம்.

மனிதரிடம் நிகழ்ந்ததும் இதுவே. சீ.ரீ.எல்.ஏ.-4 ஐத் தடுக்கும் இபிலிமுமாப் என்னும் மருந்து 2011 இலும், பி.டி.-1 ஐத் தடுக்கும் பெம்பிரோலிசுமாப், நிவோலுமாப் என்பன 2014 இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முதலாவதையும் நிவோலுமாப்பையும் இணைத்து வழங்கினால் என்னவாகும் என்பதை 945 நோயாளரிடம் நடத்தப்பட்ட பெரும் பரிசோதனை ஒன்று ஆராய்ந்தது. அதன் பத்தாண்டு முடிவு 2024 இல் வெளியாயிற்று. இரு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றோரில் நூற்றுக்கு 43 பேர் பத்தாண்டின் பின்னும் உயிருடன் இருந்தனர். நிவோலுமாப் மட்டும் பெற்றோரில் 37 பேர்; இபிலிமுமாப் மட்டும் பெற்றோரில் 19 பேர். ஓராண்டிற்குள் பெரும்பாலோர் மடிந்த நோயில் இது எத்துணை பெரிய மாற்றம்!

ஆனால் அதே பரிசோதனையின் ஐந்தாண்டுக் கணக்கு மறுபக்கத்தையும் காட்டுகிறது. இரு மருந்துகளையும் பெற்றோரில் நூற்றுக்கு 59 பேருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் தோன்றின. நிவோலுமாப் மட்டும் பெற்றோரில் 23 பேருக்கே தோன்றின. பெருங்குடல் அழற்சி, ஈரல் அழற்சி, நுரையீரல் அழற்சி, சுரப்பிகளின் அழிவு என்பன அவற்றுட் சில. அரிதாக இதயத்தசையில் அழற்சி உண்டாகிறது. அதற்கு ஆளானோரிற் பத்தில் நால்வர் அளவில் இறந்துவிடுகின்றனர் என்பது 2018 இல் உலகளாவிய பதிவுகளிலிருந்து திரட்டப்பட்ட கணக்கு.

43 க்கும் 37 க்கும் இடையிலுள்ள சிறு வேறுபாட்டுக்காக, 23 க்குப் பதில் 59 என்ற ஆபத்தை ஏற்கலாமா? நூறு பேரைச் சேர்த்துப் பார்க்கும் புள்ளிவிபரத்துக்கு இது ஒரு கணக்கு. தனி மனிதருக்கோ இது வாழ்வா சாவா என்ற கேள்வி.

நம்முடன் ஒருகாலத்தில் ஒரே பாடசாலையில் இரசாயனம் கற்பித்த நண்பர் ஒருவர் இப்பொழுது சிட்னியில் வாழ்கிறார். பேருந்து ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற வெள்ளையரான தம் அயலவரைப் பற்றி அவர் நமக்கு விரிவாக எழுதியிருந்தார். அயலவரின் மெலனோமா நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவியிருந்தது. ஒரு மருந்து, இரு மருந்து என்ற இரண்டு வழிகளையும் வைத்தியர் அவர்முன் வைத்தாராம். "எத்தனை போத்தல் இரத்தம் எடுத்தீர்கள்! எனக்கு எது ஏற்றதென்று அது சொல்லவில்லையா?" என்று அவர் கேட்டார். "உங்கள் நோய் எவ்வளவு பெரியது என்று அது சொல்கிறது. எந்த மருந்து என்று இன்னும் சொல்லவில்லை," என்பதே வைத்தியரின் விடை. மனைவியுடன் இரண்டு நாள் பேசிவிட்டு இரு மருந்துகளையுமே அவர் ஏற்றார். இரண்டாவது தடவை மருந்தேற்றியபின் பெருங்குடல் அழற்சி கண்டு மருத்துவமனையிற் கிடந்தார், மருந்து நிறுத்தப்பட்டது, தைரொயிட் சுரப்பியும் அழிந்து, இன்று நாள்தோறும் மாத்திரை விழுங்குகிறார். ஆனால் கட்டிகள் சுருங்கின, மீண்டும் வளரவில்லை. அவருடன் அதே கூடத்தில் மருந்தேற்றிக்கொண்ட பெண்ணொருவருக்குப் பக்கவிளைவு எதுவுமில்லை, புற்றும் அடங்கவில்லை. "முன்கூட்டித் தெரிந்திருந்தால்!" என்று நண்பர் தம் கடிதத்தில் இருமுறை எழுதியிருந்தார். அந்தச் சொற்களே நம்மை இத்துறையைப் படிக்கத் தூண்டின.

முன்கூட்டித் தெரிந்துகொள்ளக் குருதியில் எவற்றைத் தேடுகின்றனர்? மிக எளியது எல்.டீ.எச். எனச் சுருக்கி வழங்கப்படும் நொதியம். வெல்லத்தை ஒட்சிசனின்றி எரிக்கும் வேலையில் இது பங்குகொள்கிறது. புற்றுக் கலங்கள் ஒட்சிசன் இருக்கும்பொழுதும் இவ்வழியையே நாடுகின்றன என்பதை ஜேர்மனியின் ஒட்டோ வார்பேர்க் 1920 களிலேயே காட்டியிருந்தார். கட்டி பெரிதாகிக் கலங்கள் சிதையுங்கால் நொதியம் குருதியில் கசிகிறது. பரவிய மெலனோமாவின் படிநிலையை வகுக்கும் அளவைகளுள் ஒன்றாக இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இது இடம்பெற்றுவருகிறது. எந்தச் சாதாரண ஆய்வுகூடத்திலும் சிறு செலவில் அளக்கத்தக்கது என்பது இதன் சிறப்பு.

அடுத்தது வெண்குருதிக்கலங்களின் கணக்கு. நடுநிலைநாடிகள் மிகுந்து நிணநீர்க்கலங்கள் குறைந்திருந்தால் மருந்தின் பயன் குறைவாகவும், நிணநீர்க்கலங்களும் இயோசின்நாடிகளும் மிகுந்திருந்தால் பயன் கூடுதலாகவும் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. இதற்கும் பெரிய கருவி வேண்டியதில்லை. நாளாந்தம் எல்லா வைத்தியசாலைகளிலும் செய்யப்படும் குருதிக் கணக்கே போதும்.

மூன்றாவது, இறக்கும் புற்றுக் கலங்கள் குருதியில் விட்டுச்செல்லும் டீ.என்.ஏ. துணுக்குகள். தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழ அரைவாசியில் பிராஃப் என்னும் பரம்பரையலகில் விகாரம் உண்டு என்பது 2002 இல் இங்கிலாந்திலே கண்டறியப்பட்டது. இத்தகைய விகாரங்களை அடையாளமாகக் கொண்டு புற்றின் துணுக்குகளை மட்டும் பிரித்தெண்ணலாம். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் அத்துணுக்குகள் குருதியிலிருந்து மறைந்தவர்களுக்கு நற்பயன் கிட்டுவதையும், மறையாதவர்களுக்குப் பெரும்பாலும் கிட்டாமையையும் 2017 இல் சிட்னி ஆய்வாளர் வெளியிட்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் மற்றொன்றைக் காட்டினர். மருந்து பெற்றோரிற் பெரும்பாலானோரின் சோர்ந்த ரீ கலங்கள் குருதியில் மீண்டும் உயிர்ப்புப் பெற்றன; ஆயினும் கட்டி மிகப் பெரிதாயிருந்தவர்களிடத்தில் அந்த உயிர்ப்புப் போதவில்லை. படை எழுந்தது, பகை பெரிதாயிருந்தது எனலாம்.

பக்கவிளைவை முன்னறிவதற்கான தேடல் இன்னும் இளமையானது. சிகிச்சைக்கு முன்பும் தொடக்கத்திலும் குருதியிலுள்ள 11 சைற்றோகைன்களின் அளவைக் கூட்டிக் கடுமையான பக்கவிளைவை முன்னறியலாம் என்று 2019 இல் சிட்னியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இரு மருந்துகளின் முதற் சுற்றுக்குப் பின் பீ நிணநீர்க்கலங்களில் ஏற்படும் மாற்றம் அத்தகையோரை இனங்காட்டுகிறது என்று 2018 இல் யேல் பல்கலைக்கழகத்தார் எழுதினர். தூண்டப்பட்ட ஒருவகை நினைவு ரீ கலங்கள் சிகிச்சைக்கு முன்னரே மிகுந்திருப்பவர்களுக்கும், ரீ கலங்களின் வகைப்பெருக்கம் கூடியவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று 2022 இல் வேறொரு அமெரிக்கக் குழு கண்டது. தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் முன்பே குருதியில் இருந்தால் அச்சுரப்பி பழுதடையும் வாய்ப்புக் கூடுகிறது என்பதும் அறியப்பட்டுள்ளது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, ஏன் இன்னும் வைத்தியர் அந்த ஓட்டுநருக்கு விடை கூற இயலவில்லை என்ற ஐயம் எழும். காரணங்கள் மூன்று.

முதலாவது, நோயின் போக்கைக் காட்டும் குறி வேறு. மருந்தின் பயனைக் காட்டும் குறி வேறு. மழை வருமா என்பதை முகில் சொல்லும். குடை பிடிப்பதா, வீட்டினுள் ஒதுங்குவதா என்பதை முகில் சொல்லாது. எல்.டீ.எச். கூடியவர் எந்தச் சிகிச்சையிலும் பிறரைவிடக் குறைந்த காலமே வாழ்கிறார். ஆகவே அது நோயின் கடுமையைச் சொல்கிறதேயன்றி இந்த மருந்தா அந்த மருந்தா என்பதைச் சொல்லவில்லை. நன்மைக்கும் தீமைக்கும் வேர் ஒன்றே என முன்னர்க் கூறினோம். இதுவும் சிக்கலை வளர்க்கிறது. மெலனோமா நோயாளரின் தோல் வெண்புள்ளியாக வெளுப்பது ஒரு பக்கவிளைவு. ஆனால் அப்படி வெளுத்தோரிடம் மருந்து நன்கு வேலை செய்வதே காணப்படுகிறது. தீமையை மட்டும் முன்னறிந்து விலக்க முனைவோர், நன்மையையும் சேர்த்தே விலக்கிவிடக்கூடும்.

இரண்டாவது, எண்ணின் இயல்பு. இதனை உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நாம் கரும்பலகையிற் செய்து காட்டியதுண்டு. இதயத்தசை அழற்சி நூறு பேரில் ஒருவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரப்போகிறவர் பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகப் பிடிக்கவும், வராதவர் பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாக விடுவிக்கவும் வல்ல ஒரு பரிசோதனையைக் கற்பனை செய்வோம். ஆயிரம் பேரைச் சோதித்தால் நோய் வரப்போகிற 10 பேரில் 9 பேர் பிடிபடுவர். வராத 990 பேரிலும் 99 பேர் தவறாகப் பிடிபடுவர். 'ஆபத்து' என்று முத்திரை குத்தப்பட்ட 108 பேரில் உண்மையில் ஆபத்துக்குரியோர் 9 பேரே! மற்றைய 99 பேரிடம் மருந்தை மறுத்தால் அவர்கள் பக்கவிளைவிலிருந்து தப்புவர், புற்றிலிருந்து தப்பமாட்டார். இத்துணைத் திறமான பரிசோதனை இன்று இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆய்வு நடந்த இடம். மேற்கூறியவற்றுள் பல சில பத்து நோயாளரிடம், பெரும்பாலும் வெள்ளையரிடம், மேலை நாட்டு மருத்துவமனைகளிலே நடந்தவை. இயோசின்நாடி மிகுந்தால் நற்குறி என்ற விதியை நம் நாட்டுக்கு அப்படியே கொண்டுவந்தால் என்னாகும்? இங்கே இயோசின்நாடி கூடுவது குடற்புழுவாலும் இழுப்பு நோயாலுமாக இருக்கலாம். நடுநிலைநாடியின் இயல்பான அளவே ஆபிரிக்க வழிவந்த மக்களிற் பலருக்குக் குறைவு. அது அவர்களுக்கு நோயன்று, இயல்பு. எடுத்த குருதி வெயிலிற் கிடந்து, கரடுமுரடான தெருவிற் குலுங்கி ஆய்வுகூடம் சேருமானால் செங்கலங்கள் உடைந்து அவற்றுள்ளிருக்கும் எல்.டீ.எச். வெளியேறும், நல்ல நிலையிலுள்ள நோயாளியும் தாளில் மோசமானவராகத் தோன்றுவார். ஆக, ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒரு சமுதாயத்தின் வறுமையும், தெருவும், நீரும் மறைந்து நிற்கின்றன. எண் மட்டும் பயணம் செய்து பயனில்லை.

இக்கணக்கைக் கற்பித்த நாளில் மாணவியொருத்தி எழுந்து, "சேர், இரத்தம் சரியில்லை என்று வந்தால் மருந்து கொடுக்கமாட்டார்களா?" என்று கேட்டாள். விஞ்ஞானக் கட்டுரைகள் எவற்றிலும் இவ்வளவு நேராக இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருப்பதை நாம் காணவில்லை. ஒரே குறிகாட்டியை இருவிதமாகப் பயன்படுத்தலாம். 'இவருக்கு ஆபத்து அதிகம். ஆகவே இன்னும் வலுவான சிகிச்சையும் நெருங்கிய கவனிப்பும் வேண்டும்' என்பது ஒரு வழி. 'இவருக்குப் பயன் குறைவு. ஆகவே இவருக்குச் செலவிட வேண்டாம்' என்பது மற்றைய வழி. எந்த வழி கொள்ளப்படும் என்பதைக் குருதி தீர்மானிப்பதில்லை, பணப்பை தீர்மானிக்கிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். எல்.டீ.எச். இயல்பின் மேலெல்லையைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்டோருக்கு இபிலிமுமாப்பால் நீண்டகாலப் பயன் கிட்டும் எனக் கூறவியலாது என்று 2014 இல் ஒல்லாந்திலும் பிரித்தானியாவிலும் திரட்டிய தரவுகள் காட்டின. அன்று அத்தகையோரை விலக்கிவிடுவது நியாயமாகத் தோன்றியிருக்கும். ஆனால் பின்னர் வந்த இரு மருந்துச் சிகிச்சையில், எல்.டீ.எச். இயல்புக்கு மேற்பட்டிருந்தோரிலும் மூன்றிலொரு பங்குக்கு மேலானோர் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தனர். மிகக் கூடியோரும் சற்றே கூடியோரும் ஒன்றாக எண்ணப்பட்ட கணக்கு இது என்பது உண்மையே. எனினும் ஒரு குறிகாட்டியின் பொருள் மருந்தோடு சேர்ந்து மாறுகிறது என்பது தெளிவு. நேற்றைய மருந்தைக் கொண்டு எழுதிய தீர்ப்பை இன்றைய நோயாளியின் நெற்றியில் ஒட்டக்கூடாது.

இனி, விலையைப் பற்றிப் பேசாமல் இவ்விடயத்தை முடிக்கவியலாது. 2011 இல் இபிலிமுமாப்பின் நான்கு தடவைகளுக்கு அமெரிக்காவில் 120,000 டொலர் விலை குறிக்கப்பட்டது. 2014 இல் பெம்பிரோலிசுமாப்புக்கு மாதம் 12,500 டொலர். 2024 ஆம் ஆண்டில் மட்டும் இம்மருந்து 2,900 கோடி டொலருக்கு மேல் விற்பனையாயிற்று. இம்மருந்துகளுக்கு அடிப்படையான உண்மைகளோ பேர்க்கிலி, கியோட்டோ ஆகிய அரச பல்கலைக்கழகங்களில், பெருமளவு பொதுப்பணத்தின் துணையோடு கண்டறியப்பட்டவை. வருவாயிற் பங்கு கேட்டு ஹொஞ்ஜோ ஓனோ மருந்து நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2021 இல் வழக்கு இணக்கத்தில் முடிந்தபொழுது, ஆய்வு நிதியொன்றுக்காகக் கியோட்டோப் பல்கலைக்கழகத்துக்கு 2,300 கோடி யென் வழங்க நிறுவனம் உடன்பட்டது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிக்கே நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்ததென்றால், பெயரறியாத நோயாளியின் நிலையை என்னென்பது!

பரவிய மெலனோமாவுக்கான நிவோலுமாப்பையும் பெம்பிரோலிசுமாப்பையும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. பட்டியலில் இருப்பது வேறு, வைத்தியசாலை அலுமாரியில் இருப்பது வேறு என்பதை வறிய நாட்டினர் நன்கறிவர். ஆயினும் மனந்தளர வேண்டியதில்லை. மும்பாயின் ரற்றா நினைவு மருத்துவமனையினர், வழக்கமான அளவிற் பத்தில் ஒரு பங்கிலும் குறைந்த, 20 மில்லிகிராம் நிவோலுமாப்பை, தலையிலும் கழுத்திலும் புற்றுக் கண்டு குணமாக்கவியலா நிலையிலிருந்தோருக்கு மலிவான மாத்திரைகளுடன் சேர்த்து வழங்கினர். மாத்திரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேரும், மருந்தும் சேர்த்துப் பெற்றோரில் 43 பேரும் ஓராண்டு கடந்து வாழ்ந்தனர். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் உழைப்பாளிகளை வாய்ப்புற்று வாட்டும் நம் நாட்டுக்கு இச்செய்தி அயலானதன்று. வறிய நாட்டு விஞ்ஞானம் தன் மக்களின் தேவையைத் தன் வினாவாக்கிக் கொள்ளும்பொழுது, செல்வ நாட்டார் கேட்க மறந்த கேள்விகளுக்கு விடை கிடைக்கிறது.

குருதிக் குறிகாட்டிகளையும் இந்த நோக்கிலேயே நாம் வரவேற்கவேண்டும். இன்றுங்கூட அவற்றால் ஐயத்துக்கிடமற்ற ஒரு பயன் உண்டு. சிகிச்சை நடக்கும்பொழுது ஈரல் நொதியங்கள், தைரொயிட் ஓமோன், கோட்டிசோல், வெல்லம், தேவைப்படின் இதயத்தசைப் புரதம் ஆகியவற்றைத் தவறாது அளந்துவந்தால் வரும் தீங்கை முளையிலேயே கண்டு ஸ்ரிரொயிட் கொடுத்து அடக்கலாம். இது வருவதுரைத்தலன்று; வந்ததை விரைந்து காண்டல். மருந்து விலைக்கு முன் இதன் செலவு சிறிது.

வருவதுரைக்கும் பரிசோதனைகளைப் பொறுத்தவரை, சில கோரிக்கைகளை முன்வைப்பது பொருத்தம். ஒரு குழுவினர் கண்டதை வேறு நாட்டார், வேறு மக்களிடம், முன்கூட்டித் திட்டமிட்டுச் சோதித்து உறுதிப்படுத்தவேண்டும். உள்ளங்காற் புற்றுக்கு ஆளாகும் கருந்தோல் மக்களும் அச்சோதனைகளில் இடம்பெறவேண்டும். தரவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும். விலையுயர்ந்த பரிசோதனை ஒன்றை விற்பதற்கு முன், சாதாரணக் குருதிக் கணக்கு சொல்வதைவிட அது எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது என்பதை விற்பவர் காட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த எண்ணும் தனித்து நின்று ஒருவருக்கு மருந்தை மறுக்கும் அதிகாரம் பெறலாகாது. இரு வழிகளையும் அவற்றின் ஆபத்தையும் நோயாளிக்கு விளங்கும் மொழியிற் சொல்லித் தெரிவை அவரிடம் விடும் வைத்தியரே இப்பரிசோதனைகளைக் கையாளத் தகுந்தவர்.

அந்த மாணவியின் கேள்விக்கு நாம் அன்று சொன்ன விடையும் ஏறத்தாழ இதுவே. மருந்தைக் கொடுப்பதும் மறுப்பதும் இரத்தத்தின் வேலையன்று, மனிதரின் வேலை. அந்த மனிதர் யாருக்குப் பொறுப்புடையவர் என்பதை நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்றோம். அவள் அதோடு விடவில்லை. ஆயிரம் பேருக்குப் பதில் பத்தாயிரம் பேரைச் சோதித்தால் தவறாகப் பிடிபடுவோரின் வீதம் குறையுமா என்று வினவினாள். குறையாது, எண்ணிக்கை பெருகும், வீதம் மாறாது. ஏன் என்பதை வகுப்பு முழுவதும் சேர்ந்து கரும்பலகையிற் செய்து பார்த்தோம். மணி அடித்த பின்னரும் பிள்ளைகள் எழுந்து போகவில்லை. இத்தகைய கணக்குகளைத் தாய்மொழியில் எளிய மக்களுக்கும் விளக்கவல்ல ஒரு தலைமுறை உருவாகுமானால், குருதியின் பெயரால் மனிதரைக் கூறுபோடும் இன்னொரு வழக்கம் நம் காலத்தில் கேள்வியின்றி வேரூன்றாது.